சதுர அடியில் அடங்காத விலை

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதி. லிங்கராஜபுரம் வட்டாரத்தில் உள்ள நமது கிளையொன்றில் நான் அலுவலராகப் பணியாற்றிவந்த காலம். ஒரு நாள் காலை, ஐம்பது வயதைக் கடந்த வாடிக்கையாளர் ஒருவர் என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். சட்டைக் கையின் ஓரத்தில் நீலச் சாயம் காய்ந்திருந்தது. மாதம் 1,500 ரூபாய் வீதம் இருபது மாதங்களாகச் செலுத்திவந்த தொடர் வைப்புக் கணக்கை உடனே முடித்துப் பணத்தைத் தர வேண்டும் என்றார்.

முதிர்வுக்கு இன்னும் நான்கு மாதங்களே இருந்தன. அத்தொகை மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு என்று கணக்குத் தொடங்கிய நாளில் அவரே கூறியிருந்தார். எனவே காரணம் கேட்டேன்.

"ஜனவரி முதல் ஞாயிறு சித்திரச் சந்தை சார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கேன்வாஸ் வாங்க வேண்டும், சட்டம் போட வேண்டும், வண்டிக்குக் கொடுக்க வேண்டும்" என்றார்.

ஒரே ஒரு நாள் நடைபெறும் சந்தைக்காக மகளின் படிப்புப் பணத்தை எடுப்பதா? வணிகவியல் படித்த என் மனம் உடனே தீர்ப்பு வழங்கிவிட்டது. ஆயினும் வாடிக்கையாளரின் பணம் வாடிக்கையாளருடையது. எங்களால் கூறக்கூடியது ஒன்றுதான்: கணக்கை முடிக்க வேண்டாம், அவ்வைப்பின் மீதே கடன் பெற்றுக்கொள்ளலாம். வைப்பு தொடரும், அதற்குரிய வட்டியும் குறையாது; வாங்கிய தொகைக்கு மட்டும் சற்றுக் கூடுதலான வட்டி செலுத்தினால் போதும். அவர் சிறிது நேரம் யோசித்து, 20,000 ரூபாய் கடனாகப் பெற்றுச் சென்றார்.

அந்த ஓவியரின் அனுபவங்களையே இக்கட்டுரையில் எழுதுகிறேன். தம் பெயர் அச்சில் வர வேண்டாம் என்பது அவர் விருப்பம். கணக்கு விவரங்களை எழுதுவதற்கு மனமுவந்து இசைவு தந்தார்.

பலகை எழுதிய கை

1809-இல் பெங்களூரில் ஆங்கிலேயப் படையினர் தண்டு அமைத்தபோது, அவர்களைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் இங்கே குடியேறினர். சிவாஜிநகர், அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் என விரிந்த அக்குடியிருப்புகளின் வடகிழக்கு விளிம்பில் அமைந்தது லிங்கராஜபுரம். இன்றும் இங்குள்ள தெருக்களில் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம்.

நம் ஓவியரின் தந்தை வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மகன் பதினைந்து வயதில் பெயர்ப்பலகை எழுதும் கடையொன்றில் சேர்ந்தார். தகரத்தைச் சட்டத்தில் அடித்து, துருப் பிடிக்காமல் செம்பூச்சு பூசி, அதன்மேல் இருமுறை எனாமல் அடித்து, சுண்ணாம்பு தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, மணிக்கட்டைத் தாங்குகோலில் ஊன்றி எழுத்துகளை இழுக்கும் வேலை. கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் எழுதுவார். கூலி சதுர அடிக் கணக்கு. தையற்கடை, மருந்துக்கடை, ரொட்டிக்கடை என்று முப்பது ஆண்டுகளில் எழுதிய பலகைகளுக்கு அவரிடம் கணக்கில்லை.

2000-க்குப் பிறகு கணினியில் அச்சிடும் ஃபிளெக்ஸ் வந்தது. நான்கு நாள் வேலையை நான்கு மணி நேரத்தில், பாதி விலையில் முடித்துக் கொடுத்தது. பலகை எழுதியவர்களுள் சிலர் வீடுகளுக்கு வர்ணம் பூசச் சென்றனர். சிலர் ஆட்டோ ஓட்டினர். 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் கண்டிப்பைத் தொடர்ந்து பெங்களூர்த் தெருக்களிலிருந்து ஃபிளெக்ஸ் பதாகைகள் அகற்றப்பட்டபோது பழைய தொழில் திரும்பிவிடும் என்று அவர் நம்பினார். அவ்வாறு நிகழவில்லை. கடைக்காரர்கள் ஒளிவிளக்கு எழுத்துகளுக்கு மாறிவிட்டனர்.

பகலில் வீடுகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டு, இரவில் கேன்வாஸில் வரையத் தொடங்கியிருந்தார். அவற்றை எங்கே காட்டுவது என்பதுதான் கேள்வி. ஓவியக் கூடங்களின் வாசலில் நிற்கவே அவருக்குத் தயக்கம். விண்ணப்பித்து இடம் பெற்று, சாலையோரத்திலேயே படங்களை வைக்கலாம் என்று யாரோ கூறிய சித்திரச் சந்தைதான் அவருக்குத் துணிவளித்தது.

சாலையே கூடமாகும் ஒரு நாள்

1960-இல் நிறுவப்பட்ட கர்நாடக சித்திரகலா பரிஷத், பெங்களூர் குமாரகிருபா சாலையில் அமைந்துள்ளது. ஓவியக் கல்லூரியும் காட்சிக்கூடங்களும் கொண்ட அந்நிறுவனத்தை வளர்த்ததில் பேராசிரியர் எம். எஸ். நஞ்சுண்ட ராவின் பங்கு பெரிது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பரிஷத் ஆண்டுதோறும் நடத்திவருவதுதான் 'சித்திர சந்தே'. கன்னடத்தில் 'சந்தே' என்பது நம்முடைய சந்தையேதான். வாரச் சந்தையில் காய்கறி வாங்குவதைப் போல எளிய மனிதரும் ஓவியம் வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வீட்டுக்கு ஒரு கலைப்படைப்பு என்பதே அச்சந்தை முன்வைக்கும் முழக்கம்.

வழக்கமாக ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குமாரகிருபா சாலையில் வாகனங்கள் நிறுத்தப்படும். காலை முதல் இரவு வரை சாலையின் இருமருங்கிலும் பல மாநிலங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் தம் படைப்புகளுடன் அமர்ந்திருப்பர். நூறு ரூபாய்ப் படமும் இருக்கும். லட்ச ரூபாய்ப் படமும் இருக்கும். மக்கள் லட்சக்கணக்கில் வருவர். 2025 ஜனவரி 5-ஆம் நாள் நடைபெற்றது இருபத்திரண்டாவது சந்தை.

2019 ஜனவரியில் நம் ஓவியர் பதினான்கு படங்களுடன் சென்றார். நீர்வீழ்ச்சி, பாயும் குதிரைகள், பிள்ளையார், ராதையும் கிருஷ்ணனும், சூரிய அஸ்தமனம். 'விற்கக்கூடியவை' என்று அவர் கருதியவற்றையே வரைந்திருந்தார். பிற்பகலில் நானும் குடும்பத்துடன் சென்றேன். கடன் கொடுத்த அலுவலரின் அக்கறை என்றும் அதைக் கூறலாம்.

அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மாலைக்குள் விற்றவை இரண்டு சிறிய பிள்ளையார் படங்கள்; மொத்தம் 1,800 ரூபாய். மூன்றாவது ஒன்றை வாங்க வந்தவரிடம் சில்லறை இல்லை. இவரிடம் யுபிஐ இல்லை. 'பணம் எடுத்துக்கொண்டு வருகிறேன்' என்று சென்றவர் கூட்டத்தில் திரும்பி வரவில்லை. உடன் வந்த மைத்துனர், "தெருவில் கடை போடுவதற்கா இவ்வளவு செலவு?" என்று எல்லாரும் கேட்கும்படி கூறினார். அது அவரை மிகவும் வருத்தியது.

அன்று முழுவதிலும் அவருக்குக் கிடைத்த பயனுள்ள சொல் ஒன்று மட்டுமே. முதியவர் ஒருவர் பதினான்கு படங்களையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கை நன்றாக இருக்கிறது. ஆனால் இவற்றை எல்லாம் நான் காலண்டரில் பார்த்துவிட்டேன். நீங்கள் கண்ணால் பார்த்தது எங்கே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாராம்.

தெருவில் வைத்தால் தாழ்வா?

அடுத்த வாரம் கிளைக்கு வந்தபோது மைத்துனரின் சொல்லையே திரும்பத் திரும்பக் கூறினார். எனக்கு ஓவியம் பற்றிய அறிவு குறைவு. எனினும் நூலகத்தில் தேடிப் படித்ததை அவருடன் பகிர்ந்துகொண்டேன்.

அமெரிக்காவில் பெருமந்தம் நிலவிய 1931-ஆம் ஆண்டு. வாடகை கொடுக்க வழியில்லாத இளம் ஓவியர் ஜாக்சன் பொல்லாக், நியூயார்க் நகரின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்கு அருகே நடைபாதையில் தம் ஓவியங்களை வைத்து விற்றார். மற்ற ஓவியர்களும் சேர்ந்துகொள்ள, அதுவே ஆண்டுதோறும் நடைபெறும் திறந்தவெளிக் கண்காட்சியாக வளர்ந்தது. பொல்லாக் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்களும் நண்பர்களுமாகிய ஓவியர்களைத் திரட்டி 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எனவே கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து, பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அவ்வருவாயில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோர நிலத்தை வாங்கினர். கைவினை சோறு போட்டது, ஓவியம் நின்றது. அக்கிராமத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான எஸ். ஜி. வாசுதேவ் பின்னர் பெங்களூருக்கு வந்து குடியேறினார்.

இவற்றைக் கேட்டுவிட்டு அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நான் பலகை எழுதியதும் கேவலமில்லை" என்றார். நான் கூற நினைத்தது அதுவன்று. ஆயினும் அவர் எடுத்துக்கொண்டது அதுவே. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது அவர் சரியானதையே எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது.

சந்தை முடிந்த பின் நடந்த விற்பனை

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் கம்மனஹள்ளியில் உணவகம் திறக்கவிருந்த இளைஞர் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். சந்தையில் இவருடைய படம் எதையும் அவர் வாங்கியிருக்கவில்லை. விலைச் சீட்டுகளில் இருந்த எழுத்தின் அழகைப் பார்த்து, முகவரி அட்டையை மட்டும் எடுத்துச் சென்றிருந்தார். பழைய காலத்துப் பெயர்ப்பலகை போலக் கையால் எழுதி, உள்சுவர் ஒன்றிலும் வரைந்து தர வேண்டும் என்றார். கூலி 25,000 ரூபாய். கடன் ஏப்ரலில் அடைந்தது. வைப்பு முழுமையாக முதிர்ந்து, ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணமாயிற்று.

இங்கே நான் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விற்பனையை ஒரு நாள் செலவுடன் ஒப்பிட்டு, 'நட்டம்' என்று மனத்திற்குள் எழுதியிருந்தேன். சந்தை என்பது கடையன்று, அறிமுகம். அதன் வரவு சில நேரங்களில் மூன்று மாதம் கழித்து, வேறொரு பெயரில் வருகிறது. அன்று முதல் அவருக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அந்த வாடிக்கையாளர் எங்கே அறிமுகமானார் என்று எழுதிவைக்கச் சொன்னேன். இரண்டு ஆண்டுக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, சந்தை நாளன்று கிடைத்ததைவிடச் சந்தையில் அறிமுகமானவர்களால் பின்னர் கிடைத்ததே அதிகமாக இருந்தது.

சிறிய நிகழ்வுகளும் கற்றுக்கொடுத்தன. அருகிலுள்ள அடுக்ககக் குடியிருப்பு ஒன்றில் தீபாவளியை ஒட்டி நடந்த ஞாயிற்றுச் சந்தையில் படங்களை வைத்தார். ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. குழந்தைகளின் முகத்தில் புலியும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்துவிடச் சொல்லி வரிசையில் நின்றனர். முதலில் மனம் நொந்தார்; பிறகு வரைந்தார். அந்த வரிசையில் நின்ற தாய்மார் மூவர் கேட்டுக்கொண்டதால் தொடங்கியதே அவருடைய சனிக்கிழமை ஓவிய வகுப்பு. இன்றும் மாதந்தோறும் தவறாமல் வரும் வருவாய் அவ்வகுப்பினுடையது.

தொள்ளாயிரம் ரூபாய்ப் படம்

2020-ஆம் ஆண்டுச் சந்தைக்கு அவர் குதிரைகளைக் கொண்டுசெல்லவில்லை. 1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டின் முகப்பு, லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் கீழ் அதிகாலைத் தேநீர்க் கடை, மழையில் நனைந்த ஓட்டு வீடு, பலகைகள் நெருக்கிய பழைய கடைத்தெரு எனத் தாம் பார்த்தவற்றையே பதினொரு படங்களாக வரைந்திருந்தார். அவற்றுள் மிகச் சிறியது, ஓரடிக்கு முக்காலடி அளவுள்ளது. காக்ஸ் டவுனில் ஒரு காலத்தில் இருந்த தையற்கடையின் முகப்பும் அதன் பெயர்ப்பலகையும் அதில் இருந்தன.

எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அதன் முன் நின்றுவிட்டார். தம் திருமணத்திற்கு ரவிக்கை தைத்த கடை அது என்றார். கடை மூடி இருபது ஆண்டுகள் ஆயிற்றாம். "பலகையை அப்படியே எழுதியிருக்கிறீர்களே, புகைப்படம் இருந்ததா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. அந்தப் பலகையை எழுதியதே நான்தான்" என்றார் ஓவியர்.

அம்மையார் பேரம் பேசவில்லை. சீட்டில் இருந்த 900 ரூபாயைக் கொடுத்துப் படத்தை வாங்கிச் சென்றார். அன்று ஆறு படங்கள் விற்றன. ஆனால் மறுநாள் அவர் என்னிடம் பேசியது அந்த ஒன்றைப் பற்றியே. "சார், நான் போட்டதிலேயே நல்ல படம் அது. மிகக் குறைந்த விலைக்குப் போனதும் அதுதான். எங்கே தவறினேன்?"

குறிப்பேட்டைப் பார்த்ததும் விளங்கியது. ஓவியங்களுக்கும் அவர் பலகைக் கணக்கிலேயே, சதுர அடிக்கு 1,200 ரூபாய் என்று விலை வைத்திருந்தார். முக்கால் சதுர அடிக்கு 900 ரூபாய். பெரிய நீர்வீழ்ச்சிக்குப் பெரிய விலை. பல நாள் உழைத்த சிறிய படத்திற்குச் சிறிய விலை.

இருவருமாக அமர்ந்து அந்தப் படத்தின் கணக்கை எழுதினோம். கேன்வாஸ், வண்ணம், சட்டம் ஆகியவற்றிற்கு 520 ரூபாய். வண்டி, விண்ணப்பம், அட்டை அச்சிட்டது முதலிய பொதுச் செலவில் அதன் பங்கு 300 ரூபாய். ஆக 820. மீதி 80 ரூபாய், ஐந்து இரவுகளின் உழைப்புக்குரியது. வர்ணம் பூசச் சென்றால் ஒரு நாளில் கிடைக்கும் கூலியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதன் பிறகு மூன்று விதிகளை அவரே வகுத்துக்கொண்டார். முதலாவது, கைச்செலவும் பொதுச் செலவின் பங்கும் கூட்டிய தொகைக்குக் கீழே எப்படமும் செல்லாது. இரண்டாவது, உழைப்பை அடிக்கணக்கில் அல்லாமல் நாள்கணக்கில் மதிப்பிட வேண்டும். மூன்றாவது, பிரிய மனமில்லாத படத்தைச் சந்தைக்கே கொண்டுசெல்லக் கூடாது. முதல் இரண்டும் எந்தக் கணக்கரும் கூறக்கூடியவை. மூன்றாவதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

பேரம் பேசுவோரைக் குறித்தும் அவர் கருத்து மாறியது. மாலை நான்கு மணிக்கு மேல், 6,000 ரூபாய்ப் படத்தை 2,500-க்குக் கேட்பவர்கள் வருவார்கள். சுமந்து திரும்ப வேண்டுமே என்ற அச்சத்தில் முதலாண்டு அவர் இசைந்திருப்பார். இப்போது, "அந்த விலைக்கு இது வரும்" என்று அஞ்சலட்டை அளவுள்ள வரைபடங்களையும் சிறு அச்சுப்படிகளையும் காட்டுகிறார். இரு சக்கர வாகனத்திலும் மெட்ரோவிலும் வருவோர் எளிதில் எடுத்துச் செல்லக்கூடியவை அவை. வாங்கியவருக்கும் மனநிறைவு, பெரிய படத்தின் மதிப்பும் குறையவில்லை.

திரையில் விற்காத ஆண்டு

2021-இல் பெருந்தொற்றின் காரணமாகச் சந்தை இணையவழியில் நடைபெற்றது. மகள் கைப்பேசியில் படமெடுத்துப் பதிவேற்றினாள். ஒன்றும் விற்கவில்லை. "திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு சார். பக்கத்தில் வந்து பார்த்தால்தானே தூரிகை தெரியும்" என்றார். அடுத்த சந்தை 2022 ஜனவரியில் நடைபெறாமல் மார்ச் மாதத்திற்குத் தள்ளிப்போனது. அதற்குள் அவர் நமது கிளையில் முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் பிணையின்றிக் கடன் பெற்று, மடக்கக்கூடிய தாங்கிகளும் நிழற்குடையும் வாங்கியிருந்தார். 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் அப்பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம் என்பதை நம் வாடிக்கையாளர் பலர் அறிவர்; ஆனால் ஓவியர்களும் பெறலாம் என்பதைப் பலர் அறியார்.

யுபிஐ ஏற்பாட்டிலும் ஒரு பாடம் இருந்தது. முதலில் மகளின் கணக்கிற்குரிய கியூஆர் அட்டையையே வைத்திருந்தார். கல்லூரி மாணவியின் கணக்கில் ஒரே நாளில் பல வரவுகள் சேர்ந்தன; எது தந்தையின் வருவாய், எது மகளின் செலவுப் பணம் என்று பிரிக்க இயலவில்லை. அவர் பெயரிலேயே தனிக்கணக்கு தொடங்கி அட்டையை மாற்றினோம். கூட்ட நெரிசலில் வாங்குபவர் தம் கைப்பேசித் திரையைக் காட்டினால் அதை மட்டும் நம்பிப் படத்தைக் கொடுத்துவிடக் கூடாது. தம் கணக்கில் வரவு வந்த செய்தியைப் பார்த்த பின்னரே கொடுக்க வேண்டும். இதுவும் பட்டறிந்ததுதான், ஒருமுறை 1,500 ரூபாய் அவருக்கு வந்து சேரவே இல்லை.

படம் விற்றால் எல்லாம் விற்றதா?

2023-இல் அவர் மிகுந்த வருத்தத்துடன் ஒரு நாட்காட்டியைக் கொண்டுவந்து காட்டினார். சந்தையில் இவரிடம் ஓவியம் வாங்கிய ஒரு நிறுவனம், அதையே நாட்காட்டியாக அச்சிட்டுத் தன் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியிருந்தது. ஓவியர் பெயர் எங்கும் இல்லை. "விற்றுவிட்டேன், இனி அவர்களுடையதுதானே?" என்று கேட்டார்.

அன்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓவியத்தை வாங்கியவருக்கு அந்தப் பொருள் உரிமையாகிறது. அதைப் படியெடுத்து வெளியிடும் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாதவரை, ஓவியரிடமே இருக்கிறது. ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் அறுபது ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். தாமே வரைந்தவர் எனக் கோரும் உரிமையும் அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவில் உண்டு. மேலும் ஒன்று: மூல ஓவியம் பின்னர் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையானால், அதில் ஒரு பங்கு கோரும் உரிமையை 53அ பிரிவு ஓவியருக்கு அளிக்கிறது, அப்பங்கு பத்து விழுக்காட்டிற்கு மேற்படாது.

சண்டைக்குச் செல்ல அவருக்கு விருப்பமில்லை. மகள் பணிவான கடிதம் ஒன்றை எழுதினாள். அந்நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்து, சிறு தொகை ஒன்றை வழங்கி, அடுத்த பதிப்பில் பெயரையும் அச்சிட்டனர். அது முதல் அவர் தரும் பற்றுச்சீட்டின் அடியில், 'படியெடுக்கும் உரிமை ஓவியருக்கே உரியது' என்ற ஒரு வரி இருக்கிறது. அதை அவர் அச்சிடவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் தம் கையாலேயே எழுதுகிறார்.

சந்தைக்குச் செல்வோர்க்கு

இடமாற்றம் பெற்று நான் வேறு ஊருக்குச் சென்றபின்னும் அவர் தொடர்பு விட்டுப்போகவில்லை. தம் பகுதியில் இளைய ஓவியர் எவரேனும் முதல் கண்காட்சிக்குத் தயாரானால் அவரிடம்தான் யோசனை கேட்கின்றனர். தண்ணீர், தொப்பி, உதவிக்கு ஒருவர், சில்லறை, முகவரி அட்டை, படங்களின் பட்டியல் ஆகியவற்றைச் சொல்லி முடித்து, இறுதியில் "முதல் ஆண்டு விற்காது, அதைப் பார்த்துவிட்டுப் படத்தை மாற்றாதே, யாராவது என்ன சொன்னார்கள் என்பதைக் கேட்டுவிட்டு மாற்று" என்கிறாராம்.

எல்லா ஆண்டும் வெற்றி என்று எழுதினால் உண்மையாகாது. ஏழு ஆண்டுக் குறிப்பேட்டில் இரண்டு ஆண்டுகள் நட்டம். இன்றும் மாதத்தில் பத்து நாள் வர்ணம் பூசும் வேலைக்குச் செல்கிறார். ஓவியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் நிலை வரவில்லை. வருமா என்பதும் தெரியாது என்கிறார். ஆயினும் மகளின் படிப்பு முடிந்தது. வீட்டு முன்னறையில் மைத்துனர் கேட்டு வாங்கிய படம் ஒன்றும் அவர் வீட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. உரிய விலை கொடுத்தே வாங்கினாராம்.

2025 ஜனவரியில் சந்தையில் அவரைச் சந்தித்தேன். மேம்பாலத்தின் கீழ் உள்ள தேநீர்க் கடையின் புதிய படம் ஒன்று, கையகல வெளிச்சத்தில் நான்கு பேர் நிற்கும் காட்சி. விலை 4,800 ரூபாய். "உங்களுக்கு எவ்வளவு போடுவது சார்?" என்று தயங்கினார். குறிப்பேட்டின் முதல் விதியை நினைவூட்டி, முழுத் தொகையையும் அனுப்பினேன். தம் கைப்பேசியில் செய்தி வந்ததைப் பார்த்துவிட்டே படத்தை எடுத்துத் தாளில் சுற்றினார். பிறகு பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, மணிக்கட்டை ஊன்றி, என் பெயரைப் பலகை எழுத்தில் நிதானமாக எழுதினார்.

அடுத்த ஜனவரியில் பெங்களூரில் இருக்க நேர்ந்தால், வாசகர்கள் ஒருமுறை குமாரகிருபா சாலைக்குச் சென்று வரலாம். உங்கள் ஊரிலும் இத்தகைய கண்காட்சிகள் நடைபெறக்கூடும். வாங்க இயலாவிட்டாலும் நின்று பாருங்கள். பார்த்ததில் தோன்றியதை ஓவியரிடம் கூறுங்கள். பெயர் தெரியாத அந்த முதியவர் 2019-இல் ஒரு படமும் வாங்கவில்லை. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகுதான் நம் ஓவியர் தம் தெருவை வரையத் தொடங்கினார்.